மறதி பிள்ளைக்கு, பாவம் யாருக்கு?

 

ஹிஃப்ழ் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒரு பத்து வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். நேற்று மஃரிபுக்குப் பின் சரளமாக ஒப்புவித்த அரைப் பக்கம், இன்று சுப்ஹுக்குப் பின் அவன் வாயில் வரவில்லை. உஸ்தாத் முறைக்கிறார். சில இடங்களில் பிரம்பும் பேசுகிறது. வீட்டுக்குத் தகவல் போகிறது. 'விளையாட்டுப் புத்தி' என்கிறார் தந்தை. தாய் பாதாம் பருப்பை ஊற வைத்துக் கொடுக்கிறார். தண்ணீரில் ஓதி ஊதியும் கொடுத்துப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். வாய்ப்பாடு மனத்தில் நிற்பதில்லை. எடுத்த காரியத்தில் கவனம் நிலைப்பதில்லை. கடைசியில் 'மக்கு' என்று பெயர் சூட்டி, பதினான்கு வயதில் ஒரு கடையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம்.

அந்தப் பையனின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நம்மில் யாருக்காவது தோன்றியதுண்டா?

மறதிக்குக் காரணம் பாவம் என்று பயான்களில் கேட்டிருப்பீர்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தம் ஆசிரியர் வகீஉ (ரஹ்) அவர்களிடம் மனன சக்தி குறைந்ததை முறையிட்டதாகவும், பாவங்களை விட்டுவிடும்படி ஆசிரியர் அறிவுறுத்தியதாகவும் வரும் செய்தி மத்ரஸாவில் கால் வைத்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பருவமடையாத பிள்ளையின் ஏட்டில் பாவம் எழுதப்படுவதே இல்லை என்பதும் நம் மார்க்கம் சொல்வதுதானே? அப்படியானால் அந்தப் பத்து வயதுப் பையனின் மறதிக்குப் பின்னால் இருப்பது யாருடைய பாவம்?

காரீயத்தைப் பற்றித்தான் இம்முறை பேசப் போகிறோம். பிள்ளைகள் மறப்பதற்குக் காரணங்கள் பல உண்டு. தூக்கக் குறைவு, பார்வைக் குறைவு, இரத்தசோகை, வீட்டுச் சண்டை எல்லாமே காரணமாகலாம். எல்லா மறதியையும் ஈயத்தின் தலையில் கட்ட வரவில்லை. ஆனால் மற்ற காரணங்களை யாராவது ஒருவர் கவனிக்கிறார். இதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. இது உள்ளே போவதற்கான வாசல்களில் பல நம் கடைகளிலும் நம் சமையலறைகளிலும் இருக்கின்றன என்பதால் இதைப் பேச வேண்டிய கடமை மற்றவர்களைவிட நமக்கு அதிகம்.

ஈயம் உடம்பை ஏமாற்றும் ஒரு வஞ்சக உலோகம். எலும்புக்கும் நரம்புக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தைப் போல வேடமிட்டு உள்ளே நுழைகிறது. மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி கடத்தும் இடத்தில், சுண்ணாம்புச் சத்து செய்ய வேண்டிய வேலையைக் கெடுக்கிறது. படித்ததைப் பதிய வைக்கும் வேலை நடப்பதே அங்கேதான். வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவரின் உடல் ஏற்பதைப் போல நான்கைந்து மடங்கைச் சிறுபிள்ளையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. எலும்பில் போய் ஆண்டுக்கணக்கில் பதுங்கிக்கொள்ளும் ஈயம், அந்தப் பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து இறங்கி, தொப்புள்கொடி வழியாகக் கருவில் இருக்கும் பிள்ளைக்கும் போய்ச் சேர்கிறது. இவ்வளவு வரை இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யுனிசெஃப் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் உள்ள பிள்ளைகள் உலகில் 80 கோடி வரை இருக்கலாம். மூன்றில் ஒரு பிள்ளை! அதில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் நம் இந்தியாவில்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்குப் பூமாலை விழவில்லை. அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர், பிள்ளைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்தார். நம் ஊரில் கூரைமேல் எறிகிறோமே, அதே பற்கள்தாம். அவற்றில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்து, அந்தப் பிள்ளைகளின் அறிவுத் திறனோடு ஒப்பிட்டு 1979ஆம் ஆண்டு வெளியிட்டார். எந்த நோயும் வெளியே தெரியாமல் ஓடியாடித் திரிந்த பிள்ளைகளிலும், பல்லில் ஈயம் அதிகம் உள்ளவர்கள் அறிவுச் சோதனைகளிலும் வகுப்பில் கவனம் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்தார்கள். ஆய்வில் மோசடி செய்தார் என்று பின்னாளில் அவர்மீதே குற்றம் சாட்டினார்கள். விசாரணை நடந்தது, குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். பெட்ரோலில் ஈயம் கலப்பதை உலகம் கைவிட்டதற்கு இத்தகையவர்களின் பிடிவாதமும் ஒரு காரணம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு அது நின்றது. உலகிலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில். ஒரு முஸ்லிம் நாடு கடைசி வரிசையில் நின்றது நமக்குப் பெருமையா?

அதே நேரத்தில் இன்னொரு முஸ்லிம் நாடு செய்த காரியம் நெஞ்சை நிமிர வைக்கிறது. வணிகப் பெருமக்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

வங்கதேசத்தின் கிராமங்களில் கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. பக்கத்தில் தொழிற்சாலை இல்லை. நெடுஞ்சாலைப் புகை இல்லை. எங்கிருந்து வந்தது? டாக்காவின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து துருவின. ஈயத்துக்கும் கைரேகை போல ஓர் அடையாளம் உண்டு. எந்த மூலத்திலிருந்து வந்தது என்று அதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். அந்த அடையாளம் அவர்களை மண்ணுக்கோ புகைக்கோ இட்டுச் செல்லவில்லை. அஞ்சறைப் பெட்டிக்கு இட்டுச் சென்றது. மஞ்சள்!

பெயிண்டுக்கு மஞ்சள் நிறம் தருகிற லெட் குரோமேட் என்ற சாயத்தை, காய்ந்த விரலி மஞ்சளுக்குப் பாலீஷ் போடும்போது தூவியிருக்கிறார்கள். 1980களில் ஒரு பெருவெள்ளத்துக்குப் பின் மஞ்சள் சரியாகக் காயாமல் கறுத்துப் போனது. நிறம் மங்கிய சரக்கைத் தள்ளிவிட யாரோ தொடங்கிய வழக்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்தது. இதில் யாரும் கொலைகாரர் இல்லை என்பதைக் கவனியுங்கள். வாங்குகிறவர் பளிச்சென்று கேட்டார். மொத்த வியாபாரி அரைவை மில்காரரிடம் கேட்டார். மில்காரர் பாலீஷ் போடுகிறவரிடம் கேட்டார். பாலீஷ் போட்டவருக்கு அது விஷம் என்பதே தெரியாது. அவர்களில் பெரும்பாலோர் ஐவேளையும் தொழுகிறவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். பலர் ஹஜ்ஜும் செய்திருக்கலாம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தன் பங்கு சிறிது என்று நினைத்தது. முடிவில் அது போய்ச் சேர்ந்தது ஒரு தாயின் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு.

2019ஆம் ஆண்டு உண்மை வெளியானதும் அந்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விழித்துக்கொண்டது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் எச்சரித்தன. சந்தை சந்தையாக அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில் அதிகாரிகள் கையடக்கக் கருவியோடு நுழைந்து, மூட்டையை வைத்த இடத்திலேயே சோதித்து, ஈயம் கண்ட இடத்தில் அபராதம் விதித்தார்கள். 2019இல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் பூஜ்யம்! அரைவை மில் தொழிலாளர்களின் இரத்தத்திலும் ஈயம் குறைந்தது. இரண்டே ஆண்டுகள்.

நம் நாட்டின் நிலை என்ன? இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் எடுத்த மஞ்சள் மாதிரிகளின் ஆய்வு 2024இல் வெளியானது. நூற்றுக்குப் பதினான்கு மாதிரிகளில் ஈயம் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. நம் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 10. பாட்னா, கராச்சி, பெஷாவர் ஆகிய ஊர்களில் கிடைத்த சில மாதிரிகளில் ஆயிரத்தையும் தாண்டியது! ஈரோட்டு மஞ்சளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் எந்த ஊர்ச் சரக்கு எந்த ஊர்க் கடைக்கு வருகிறது என்பது மளிகை வியாபாரம் செய்யும் உங்களுக்கே நன்றாகத் தெரியும். விலை கொஞ்சம் குறைவு, நிறம் கொஞ்சம் தூக்கல் என்று ஒரு சரக்கு வந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் சந்தேகம் வர வேண்டும். கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் விரலி மஞ்சளைப் போட்டுப் பாருங்கள். போட்டவுடன் பளிச்சென்ற மஞ்சள் நிறம் கழன்று இறங்கினால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்து போனபோது ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவன் அல்லன் என்று அறிவித்துவிட்டார்கள். வெறும் ஈரத்துக்கு! தானியத்தில் நஞ்சு இல்லை, பிள்ளையின் மூளை மழுங்கவில்லை, எடையில் சற்றுக் கூடும், அவ்வளவுதான். அதற்கே இந்தச் சொல் என்றால், நிறத்துக்காக நஞ்சு பூசிய சரக்குக்கு என்ன சொல் கிடைக்கும்?

இங்கே ஒரு சகோதரர் குறுக்கிட்டுக் கேட்பார்: 'நம் வியாபாரத்தின்மீது ஏற்கெனவே கண் வைத்திருக்கிறார்கள், நாமே இப்படி எழுதலாமா?' நியாயமான கேள்வி. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற பொருள்களின் விற்பனைக்கே தடை போட்டது. ஹலால் என்ற சொல்லைக் குற்றச்சொல்லாக மாற்றப் பார்க்கும் அந்த அநியாயத்தை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் இறைமறை நம்மிடம் ஹலாலை மட்டும் கேட்கவில்லை. ஹலாலானதாகவும் தய்யிபானதாகவும் இருப்பதை உண்ணச் சொல்கிறது. தய்யிப் என்றால் தூயது, நல்லது, தீங்கற்றது. அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் சொன்னாரா என்று விசாரிக்கும் நாம், அந்தக் கறியில் போட்ட மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதில்லை. முதல் பாதியை முத்திரையாக்கிப் பொட்டலத்தில் ஒட்டிவிட்டோம். இரண்டாம் பாதி எங்கே?

அடுத்தது சுருமா. இது கொஞ்சம் கூச்சமான விஷயம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இஸ்மித் என்ற கல்லைக் கண்ணுக்கு இடுவதை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னார்கள். அந்தக் கல் எது என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. அதைச் சுன்னத் என்று பேணும் சகோதரர்களின் மனத்தைப் புண்படுத்தும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் இன்று பள்ளிவாசல் வாசலில், அத்தர், தொப்பி, மிஸ்வாக் ஆகியவற்றோடு சிறு புட்டியில் விற்கப்படும் கறுப்புப் பொடி எது? பல நாடுகளில் சோதித்தபோது சுருமா என்ற பெயரில் விற்ற பொடிகள் பலவற்றில் பெரும்பகுதி காரீயக் கந்தகம்தான். பிரிட்டனில் குடியேறிய ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகளுடைய இரத்தத்தில் ஈயம் ஏறியதற்குச் சுருமாவும் ஒரு காரணம் என்று அங்குள்ள மருத்துவ இதழில் 1978இலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் அதை விற்பதே சட்டவிரோதம். பிறந்து நாற்பது நாள் ஆகாத குழந்தையின் கண்ணுக்கு அதைத் தீட்டுகிறோம். குழந்தை கண்ணைக் கசக்கும். அதே விரலை வாயில் வைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஆய்வுச் சான்று இல்லாத புட்டியை விற்பதை நிறுத்துங்கள், அத்தர் வியாபாரிகளே! மக்காவிலிருந்து வந்தது என்பது ஆய்வுச் சான்று ஆகாது. ஹஜ்ஜுக்குப் போய் வருகிறவர்கள் பெட்டி நிறையப் பேரீத்தம்பழமும் ஸம்ஸமும் கொண்டு வாருங்கள், போதும்.

பழைய இரும்புக் கடைக்குத் தமிழில் என்ன பெயர்? காயலான் கடை! காயல்பட்டினத்து மக்கள் இந்தத் தொழிலில் ஈடுபட்டதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். இன்றும் ஊர் ஊராக நம் சகோதரர்கள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். வேண்டாத பொருளைத் திரும்பப் பயனுக்குக் கொண்டுவரும் கண்ணியமான தொழில் அது. அதில் ஒரே ஒரு சரக்கு மட்டும் பாம்பு: பழைய கார், இன்வெர்ட்டர் பேட்டரி. அதை உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி, தகட்டைக் கொல்லையில் இரும்புச் சட்டியில் உருக்கினால் கட்டி ஈயம் கிடைக்கும், கையில் காசும் கிடைக்கும். ஆனால் அந்தப் புகையும் தூசியும் அந்த மண்ணைவிட்டுப் போவதில்லை. செனகல் நாட்டில், தக்கார் நகரை ஒட்டிய தியாரோய் என்ற பகுதியில் இப்படித்தான் நடந்தது. ஈயத்துக்கு விலை ஏறியதும், பேட்டரி உடைத்த இடத்து மண்ணையே தோண்டி வீட்டு முற்றத்தில் சலிக்கத் தொடங்கினார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 பிள்ளைகள் இறந்தார்கள். முதலில் ஏன் சாகிறார்கள் என்றே தெரியவில்லை. உயிர் பிழைத்த பிள்ளைகளின் இரத்தத்திலும் ஈயம். பழைய பேட்டரியைப் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கே அனுப்ப வேண்டும் என்று நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு விதிகளே சொல்லின. 2022ஆம் ஆண்டின் புதிய விதிகள் தயாரிக்கும் கம்பெனிகளையும் பொறுப்பாக்குகின்றன. ஆகவே சகோதரரே, பேட்டரியை முழுதாகவே கை மாற்றிவிடுங்கள். உடைக்காதீர்கள். வேலை செய்த உடையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்; ஈயத் தூசி அந்தச் சட்டையில்தான் இருக்கிறது.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. செம்பு, பித்தளைத் தேக்சாக்களுக்கு ஈயம் பூசுவது வெள்ளீயத்தால். அதில் தவறில்லை. விலை மலிவு என்று காரீயத்தைக் கலந்து பூசினால் அது வேறு கதை. பூசுகிறவரிடம் கேட்டுப் பூசுங்கள். கண்ட உலோகத்தையும் உருக்கி வார்த்த மலிவு அலுமினியப் பாத்திரங்களும் சந்தேகத்துக்குரியவையே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குடியேறிய ஆப்கான் அகதிப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் ஏன் அதிகம் என்று தேடிப் போனவர்கள், அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர்களிலும் சட்டிகளிலும் அது கசிவதைக் கண்டார்கள். போருக்குத் தப்பி வந்த பிள்ளை, சோற்றுச் சட்டிக்குத் தப்பவில்லை!

சாப்பாட்டுக்கு வருகிறேன். வெறும் வயிற்றில் ஈயம் வேகமாக ஏறும். உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் அந்தக் காலி இடத்தில் ஈயம் எளிதாகக் குடியேறும். நம் பிள்ளைகள் அதிகாலையில் மக்தபுக்கு எதைச் சாப்பிட்டுப் போகிறார்கள்? ஒரு டம்ளர் டீ, ஒரு பன். அந்த டீயே உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கிறது. கல்யாண வீட்டில் பிரியாணிக்கு இலட்சங்களைக் கொட்டும் சமுதாயம், முருங்கைக்கீரையை ஏழையின் உணவு என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. கேழ்வரகு, எள், நெத்திலி, ஈரல், நெல்லிக்காய் எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவைதாமே. இவை ஏறிப்போன ஈயத்தை இறக்கிவிடும் மருந்தல்ல; மேலும் ஏறுவதைக் குறைக்கும். பாதாமைத் தேடிப் போகும் தாய்மார்கள் முதலில் பிள்ளையின் இரத்தசோகையைப் பார்க்கட்டும்.

மத்ரஸா நிர்வாகிகளுக்கு: பாடம் நிற்காத பிள்ளையை அடிக்கும் உரிமையை உங்களுக்கு யார் தந்தார்கள்? தனக்குத் தெரியாமல் நஞ்சு உண்ட பிள்ளையை, மறந்ததற்காக அடிப்பது அநீதி இல்லையா? பிரம்பை வைத்துவிட்டு, பெற்றோரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். தந்தையின் தொழில் என்ன? வீட்டருகே பேட்டரிப் பட்டறை உண்டா? கண்ணுக்கு என்ன இடுகிறீர்கள்? காலையில் என்ன சாப்பிட்டான்? சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்பி இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரசை மட்டும் விட்டுவிட முடியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்கிறார்கள், குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். பேட்டரி உருக்கும் பகுதிகளிலும் ஆலைகளை ஒட்டிய குடிசைப் பகுதிகளிலும் வாழும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்தையும் அளக்க வேண்டும். வங்கதேசம் மஞ்சள் சந்தையில் செய்ததை நம் உணவுப் பாதுகாப்புத் துறையும் செய்ய வேண்டும். இதைச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் மனுவாகக் கொடுப்பது நம் அமைப்பின் கிளைகளுக்குக் கைவந்த வேலைதான். இது முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுமான கோரிக்கை இல்லை என்பதையும் மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

ஆனால் அரசு வரும் வரை கடைத்தெரு காத்திருக்க வேண்டியதில்லை. உமர் (ரலி) அவர்கள் மதீனாச் சந்தையின் மேற்பார்வையை ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணியிடம் ஒப்படைத்ததாக வரலாற்று நூல்களில் காண்கிறோம். பிற்காலத்தில் முஹ்தஸிப் என்ற அதிகாரியே இதற்காக இருந்தார். 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய கையேட்டில், மளிகையிலும் மருந்துச் சரக்கிலும் நடக்கும் கலப்படங்களும் அவற்றைக் கண்டுபிடிக்கும் முறைகளும் தொழில் வாரியாக வருகின்றன. அந்த ஹிஸ்பாவைத் தலைக்கு மேல் தொங்கும் வாளாக நினைக்க வேண்டாம். இன்றைய சட்டத்துக்கு உட்பட்டே நம் இளைஞர்கள் அதைச் செய்யலாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, ஒரு பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அதை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம் என்கிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். கலப்படம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னை கிண்டியிலும், மதுரை, கோவை, சேலம், தஞ்சை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களிலும் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன.

ஊருக்கு மூன்று இளைஞர்கள் போதும். முதலில் நம்மவர் கடை மஞ்சளிலிருந்தே தொடங்குங்கள். முடிவு தவறாக வந்தால் கடைக்காரரைத் தனியாகச் சந்தித்துச் சொல்லுங்கள். அந்தச் சரக்கை அன்றே எடுத்துவிட்டு, எங்கிருந்து வந்தது என்ற பில்லையும் கொடுத்தால், அடுத்த புகாரை மொத்த வியாபாரியை நோக்கித் திருப்புங்கள். எடுக்க மறுத்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள், அவர் உங்கள் மாமாவாகவே இருந்தாலும் சரி. சோதனைக் கட்டணத்தை ஜமாஅத்தின் பொது நிதியிலிருந்து தரும்படி முதவல்லியிடம் கேளுங்கள். வரும் ஜும்ஆவுக்குப் பிறகே கேட்டுவிடுங்கள்.